சேதுகாவலர் பாடம்

ஜனவரி 12, திங்கள்

இன்றைக்கு எல்லா நாளையும் போல ஒரு நாள்தான். மருந்துக்கடையில் பிறசர்க் குளிசை எடுத்தேன். பாரிசில் எங்கள் ரூ பஜோல் தெருப் பேக்கரியில் பாண் வாங்கினேன். பின்னேரம் மகள் நிரோ பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடித்து நேரே இங்கே வந்தாள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, மார்ச் மாதம் வருகிற நகரசபைத் தேர்தலில் தான் நிற்பதாகச் சொன்னாள். பதினெட்டாம் வட்டாரத்துக்கு. கட்சி லிஸ்ற்றில் வெல்லக்கூடிய இடத்தில் பெயர் போட்டிருக்கிறார்களாம். வென்றால் பள்ளிக்கூடங்களின் பொறுப்பைக் கேட்கப்போகிறாளாம்.

கோப்பையை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவினேன்.

“அம்மா, நான் இன்னும் குடிச்சு முடிக்கேல்லை” என்றாள்.

பயமாயிருக்கு.

ஜனவரி 13

காலையில் போன் எடுத்துக் கேட்டேன், உனக்கேன் இந்த வேலை என்று. நல்ல உத்தியோகம், கொலேஜ் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறாய், பிள்ளைகள் உன்னில் விருப்பமாக இருக்கிறார்கள், அது காணாதா?

அவள் சிரித்தாள். “நீங்கள்தானே சேதுகாவலர் பாடம் படிப்பிச்சனீங்கள்.”

ஐயோ.

யாழ்ப்பாணத்தில், எங்கள் தென்மராட்சி ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒவ்வொரு வருடமும் நான் நடத்திய பாடம் அது. ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் எங்கள் ஊரில் வாத்தியாராயிருந்தவர் சேதுகாவலர். பிறகு பள்ளிக்கூடப் பரிசோதகரானார். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய், கூரையில்லாத பள்ளிக்கூடங்களைப் பார்த்து மனம் நொந்து, கடைசியில் உள்ளூர்ச் சபைக்கே போனார். ஒழுங்கைகளுக்குக் கல் போட்டார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். வகுப்பில் நான் ஒரு உதாரணம் சொல்லுவேன்: “பிள்ளையள், வகுப்பு எண்டது கிணறு. தண்ணி அள்ளலாம், ஆனால் வாளியின்ரை அளவுக்குத்தான். சபை எண்டது வாய்க்கால். சேதுகாவலர் வாளியை வைச்சிட்டு வாய்க்கால் வெட்டப் போனவர்.” அப்போது நிரோவுக்குப் பதினொரு வயது. மூன்றாவது வாங்கிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாடத்தை நன்றாகத்தான் நடத்தியிருக்கிறேன்.

அவருக்குப் பயம் வந்ததா? பாடத்தில் அது இல்லை. அவர் சபைக்குப் போகிறேன் என்றபோது அவருடைய தாய் என்ன சொன்னாள்? தாயைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 20

தம்பிஐயா சேரைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தலைக்குள் நிற்கிறது.

எங்கள் பள்ளிக்கூட அதிபர். நேரம் தவறாதவர், காற்சட்டைப் பையில் எப்போதும் வெண்கட்டித் துண்டு இருக்கும். தொண்ணூற்றெட்டில் பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது, யாரும் நிற்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் வராது என்று தானே நின்றார். ஒரு நாள் பின்னேரம் இரண்டு பெடியள் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைப் படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்களாம். ஒருவன் அவரிடமே படித்தவன். “சேர், உங்களோடை தனியக் கதைக்கவேணும்.” அவ்வளவு மரியாதை. விலகச் சொன்னார்கள். அவர் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அடுத்த கிழமை சந்தைக்குப் போன இடத்தில் சுட்டார்கள். யார் என்று ஊருக்குத் தெரியும். இங்கேயும் நான் எழுதமாட்டேன்.

அவருடைய படத்தைப் போட்டு ஊர் மதில் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. அதே மதிலில், பக்கத்திலேயே, வாக்குக் கேட்டு ஒட்டிய படமும் கிழியாமல் இருந்தது. இரண்டும் ஒரே படம்.

நிரோவுக்கு இது தெரியும். அவளும் செத்தவீட்டுக்கு வந்தவள்தான். ஆனால் பிள்ளைகள் வேறு மாதிரி மறக்கிறார்கள்.

ஜனவரி 31, சனி

சஞ்சீவன் போன் எடுத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கே வந்த காலத்தில் வீடு வீடாகப் போய் அரசியல் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்களோடு இவனும் திரிந்தான். இப்போது ரெஸ்ரோறன்றில் சமையல் என்று கேள்வி. வருடக்கணக்காகக் கதைத்ததில்லை.

“ரீச்சர், நான் சஞ்சீவன். சுகமா இருக்கிறியளோ? உங்களோடை தனியக் கதைக்கவேணும். நிரோ அக்கான்ரை விசயம்.”

அதே சொல். அதே மரியாதை.

தலை சுற்றுகிறது, பிறகு எடு என்று வைத்துவிட்டேன். உண்மையாகவே சுற்றியது. குசினியில் சமையல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிரோவிடம் சொல்லவா? சொன்னால் அவனிடமே நேரே போய் என்னடா விசயம் என்று கேட்பாள். அப்படிப்பட்டவள். சொல்லமாட்டேன்.

பெப்ரவரி 3

தமிழ்க் கடைகள் இருக்கிற ரூ காய் தெருப் பக்கம் போகவில்லை. வீட்டில் இருந்த பருப்பும் ஐஸ்பெட்டி பீன்சும்தான் சாப்பாடு.

பெப்ரவரி 8, ஞாயிறு

கீழே வாசல் மணி அடித்தது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவன்தான். கையில் பை. மறுபடி அடித்தான். நான் வானொலியை நிறுத்தினேன். என் வீட்டில், என் குசினியில், எழுபது வயதாகப்போகிற மனுசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாரோ கதவு திறந்துவிட்டிருக்க வேண்டும், மேலே வந்துவிட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சப்பாத்தைத் துடைக்கும் சத்தம் கேட்டது. மெல்லத் தட்டினான். பிறகு இறங்கிப் போய்விட்டான்.

நன்றாகத் தாமதித்துத்தான் திறந்தேன். கதவுக் கைப்பிடியில் பை தொங்குகிறது. முருங்கைக்காய், நல்ல பிஞ்சு.

தொடவில்லை. அதை ஏன் கொண்டுவந்தான்? தம்பிஐயா சேர் வீட்டுக்கு அவர்கள் என்ன கொண்டுபோனார்கள்? அது யாருக்கும் தெரியாது.

பெப்ரவரி 10

முருங்கைக்காய் இன்னும் தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஆலீஸ், புதுச்சேரிக்காரி, “மதாம், வெளியவே விட்டா வீணாப் போயிடுமே” என்றாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சந்தோஷமாகக் கொண்டுபோனாள். பின்னேரம் வரை அவள் வீட்டில் நடமாடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது.

பெப்ரவரி 14

அரிசி முடிந்துவிட்டது. போகத்தான் வேண்டியிருந்தது. கடை திறக்கும் நேரம் பார்த்து, யாரும் இல்லாதபோது ரூ காயில் யோகநாதனின் பலசரக்குக் கடைக்குப் போனேன்.

வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கண்ணாடியில் வழக்கமாக மரண அறிவித்தல்கள் ஒட்டுகிற இடம். பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் பொண்டியை வசிப்பிடமாகவும் கொண்ட ஒருவர், முப்பத்தோராம் நாள் நினைவாக இன்னொருவர், இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை. சிரித்த முகம். நீலச் சட்டை.

நான் அந்தக் கண்ணாடியில் கை வைத்துவிட்டேன் போல. யோகநாதன் வெளியே ஓடிவந்து கதிரை போட்டார்.

தேர்தல் துண்டுதான். நிரோ கொடுக்கவில்லையாம், இவராகவே கேட்டு வாங்கி ஒட்டியிருக்கிறார். எடுங்கோ என்றேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

“ரீச்சர், கடையிலை ஒருத்தரும் மரக்கறி விலை பாக்கிறதில்லை. எல்லாரும் நிண்டு வாசிக்கிற இடம் அது ஒண்டுதான். நல்ல இடமெண்டுதான் போட்டனான்.”

“அது செத்த ஆக்களின்ரை இடம்.”

“ஓம், அதுக்கென்ன? ஆக்கள் பாக்கினமோ இல்லையோ?”

இந்தக் கடை இருப்பது பத்தாம் வட்டாரம், அவள் நிற்பது பதினெட்டில், இங்கே வருகிற சனமெல்லாம் பாரிசுக்கு வெளியே பொண்டியிலிருந்தும் வேறெங்கேயோ இருந்தும் வருவது, ஒருவருக்கும் அவளுக்குப் போட வாக்கில்லை என்றேன். அவர் யோசித்தார். “அப்ப பெருமைக்கு இருக்கட்டும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உரித்து எடுத்தார். ஒரு மூலை மட்டும் பசையோடு நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டினார்.

அரிசியை வாங்க மறந்து வந்துவிட்டேன். அவரே பின்னேரம் ஆள்விட்டு அனுப்பினார்.

பெப்ரவரி 22, ஞாயிறு

செய்துவிட்டேன்.

ஊரில் படைக்காரரின் சென்றிக் காவலரணைத் தாண்ட அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ஒழுங்கை முடக்கைக் கூடத் தாண்ட முடியாது. தொண்ணூற்றேழில் மகன் கிருஷாந்த் கூட்டாளிகளோடு எங்கேயோ போகப் புறப்பட்டு நின்றபோது அவனுடைய அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான், என்னோடு கதைக்காமல் இருந்தான், ஆனால் வீட்டில் இருந்தான். போனவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. இவன் இன்று கனடாவில் பனி வழிக்கிறான். ஊரில் என்னைப் போல எத்தனை தாய்மார் இதைச் செய்தார்கள். பானையும் உரலும் தலையணையும்.

லிஸ்ற் கொடுக்கக் கடைசி நாள் வியாழக்கிழமை. இன்று நிரோ சாப்பிட வந்தாள். மீன்குழம்பு வைத்தேன். அவள் கை கழுவப் போனபோது கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்தேன். யோகநாதன் அனுப்பிய அரிசிக்குள் போட்டு மேலால் தடவிவிட்டேன்.

அட்டை இல்லாமல் யாரைத் தேர்தலில் நிற்கவிடுவார்கள்?

பெப்ரவரி 26, வியாழன்

நிரோ போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பேர் படிக்கட்டில் நிற்கிறார்கள், இவள் முன்வரிசையில். லிஸ்ற் கொடுத்தாகிவிட்டதாம். இனி ஒருவரும் தனியாக விலக முடியாதாம், சட்டம் அப்படியாம்.

அவள் தன்னுடைய பத்திரமெல்லாம் ஜனவரியிலேயே கொடுத்துவிட்டாள். அட்டையைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம். என்னிடம் அந்தத் தேத்தண்ணீர் குடிக்க வந்ததற்கும் முதலே.

இனி விலக முடியாது. தம்பிஐயா சேருக்காவது விலக வழி இருந்தது.

பெப்ரவரி 28, சனி

காலையில் நிரோ போன் எடுத்தாள். அட்டையைக் காணவில்லையாம், மெற்றோவில் இரண்டாம் இலக்க ரயிலில் யாரோ களவெடுத்துவிட்டார்களாம், பொலிசுக்குப் போய் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றாள்.

பொலிஸ் என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. போகாதே, இங்கே வா என்றேன்.

வந்தாள். அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டினேன். அட்டை வெளியே வந்தது. அவள் அதையும் என்னையும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள், கதிரையில் இருந்து சிரித்தாள். பிறகு அண்ணாவின் அட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுபோனது.

“அம்மா, இஞ்சை சென்றி இல்லை.”

தெரியும் என்றேன்.

“இல்லை, உங்களுக்குத் தெரியேல்லை. இருபத்தைஞ்சு வருசம் இஞ்சை இருக்கிறியள். இன்னும் ஒவ்வொரு சந்தியிலையும் ஒரு சென்றி கட்டி வைச்சிருக்கிறியள்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. தம்பிஐயா சேரைச் சொன்னேன். அவள், சேரை நான் மறக்கவில்லை, அவர் கேட்ட தண்ணீர்க் குழாய் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை. அது அவளுக்கும் தெரியும். அவருக்குப் பிறகு யாரும் நிற்கவில்லை.

இரண்டு பேரும் இருந்து அரிசியைப் பொறுக்கிப் பையில் போட்டோம். ஏதோ கல் பொறுக்குகிற மாதிரி, தலை குனிந்தபடி. சஞ்சீவனைப் பற்றி நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

மார்ச் 6

அவன் மறுபடி போன் எடுத்தான். அடித்து ஓய விட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு. முதற் சுற்று

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

வாக்குச்சாவடி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில். பத்து மணிபோல போனேன். வாசல் படலையில் சஞ்சீவன் நின்றான். கறுப்பு ஜக்கெற், கை இரண்டும் பைக்குள். அவனுக்கு இந்த நாட்டில் வாக்கில்லை, அப்படியென்றால் எனக்காகத்தான் நிற்கிறான். திரும்பலாம் என்று பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. நிரோ வேறு சாவடியில். அவன் என்னைக் கண்டுவிட்டான், வருகிறான். ஒரு கையைப் பைக்குள் இருந்து எடுத்தான். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார மனுசனின் கோட்டைப் பிடித்துவிட்டேன். உண்மை, பிடித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

எடுத்த கையை நெஞ்சில் வைத்தான் சஞ்சீவன். “ரீச்சர், இஞ்சை வருவியள் எண்டு தெரியும். காலமையிலையிருந்து நிக்கிறன். கோவிக்காதையுங்கோ.”

என்னடா வேண்டும் என்று கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது.

அவன் பக்கத்தில் வந்து, வரிசையோடு வரிசையாக நடந்துகொண்டே, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னான். அவனுடைய மகளுக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு கூட இருக்க உதவியாள் இல்லை என்று காலையில் மட்டும்தான் எடுக்கிறார்கள், சில நாள் அதுவும் இல்லை. மனைவி தயாளினி வேலையை விட்டுவிட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் பிள்ளையைக் கொண்டுபோவதில்லை. இவன் எழுதிய கடிதத்துக்கெல்லாம் பதிலில்லை.

“நிரோ அக்கா பள்ளிக்கூட விசயம் பாக்கப்போறா எண்டு கேள்விப்பட்டன். நேரை போய்க் கேக்க ஒரு மாதிரி. சனத்துக்குத் தெரிஞ்சால் பிள்ளைக்கு ஒரு பேர் வைச்சிடுவினம். அதுதான் உங்களோடை தனிய எண்டனான்.”

“அதைப் போனிலை சொல்லியிருக்கலாமேடா.”

“நீங்கள் வைச்சிட்டியள் ரீச்சர்.”

நான் பாடம் எடுத்த காலத்தில், கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை நிலத்தைப் பார்க்கும். நான் நிலத்தைப் பார்த்தேன். அவனும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஜனவரிக் கடைசியில் கேட்டவன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எத்தனை பின்னேரம் வீட்டுக்குள் இருந்திருக்கும்.

பிள்ளையின் பெயரைக் கேட்டேன். ஹரிப்பிரியா என்றான். நாளைக்கு வீட்டுக்கு வா, தயாளினியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். பிள்ளை சத்தம் போடும் ரீச்சர் என்றான். போடட்டும் என்றேன்.

உள்ளே போனேன். இந்த முறை இரண்டு பெட்டி, வட்டாரத்துக்கு ஒன்று, முழுப் பாரிசுக்கும் ஒன்று. ஊரில் தேர்தல் கடமைக்குப் போனபோதெல்லாம் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நான். இங்கே குடியுரிமை கிடைத்த பிறகும் ஒரு முறை கூட வந்ததில்லை. என் பெயரைச் சத்தமாக வாசித்தார்கள். புனிதவதி என்பதை அவர்கள் சொன்ன விதத்தில் எனக்கே விளங்கவில்லை. இரண்டு உறையையும் போட்டேன்.

மார்ச் 16

வந்தார்கள். ஹரிப்பிரியா என் பாத்திரங்களையெல்லாம் கீழ்த்தட்டில் இருந்து இழுத்து, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினாள். ஒன்றும் பிழையில்லை. தயாளினி கதவடியிலேயே இருந்தாள். பிள்ளை மூடியைத் தட்டும்போதெல்லாம் “சத்தம், கீழ்வீட்டு ஆக்கள்” என்று பதறினாள். நான் சாப்பாடு போட்ட பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினாள்.

பின்னேரம் நிரோவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஒன்றரை மாதமாக ஒளித்ததையும் சேர்த்து. அவள் சஞ்சீவனின் நம்பரைக் கேட்டாள்.

மார்ச் 18

நிரோவின் துண்டுப்பிரசுரம் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். கோயிலடியில் நின்று கொடுத்தேன். வாங்கியவர்களில் அநேகம் பேருக்கு வாக்கில்லை. ஒரு அம்மா, தன்னுடைய மருமகளுக்கு வாக்கிருக்கிறது, ஆனால் அவள் தான் சொல்வதைக் கேட்கமாட்டாள், அதனால் வேறு ஆளுக்குப் போடச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் இன்னும் ஒதுங்குகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டாம் சுற்றில் நிரோ வென்றுவிட்டாள். போனில் ஒரே கூச்சல், அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நான் “கவனம் பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். வாக்குப் போட்ட யாரோ ஒருவரின் தாயாக நான் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இவளுடைய தாயாகப் போய்விட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பின்னேரம் மெறி என்கிற வட்டார நகர மண்டபத்தில் சபைக் கூட்டம். பொதுமக்களும் இருந்து பார்க்கலாம் என்றபடியால் போனேன். நிரோ வேண்டாம், களைத்துப்போவீர்கள் என்றாள். போய் என் கண்ணால் பார்க்கவேண்டும், யார் யார் அவளுக்கு முன்னால் இருக்கிறார்கள், யார் பின்னால் இருக்கிறார்கள் என்று. கதவுக்குப் பக்கத்து வாங்கிலில்தான் இருந்தேன். வருகிற போகிற ஒவ்வொருவரின் கையையும் பார்த்தேன். கோப்பு, தண்ணீர்ப் போத்தல், கண்ணாடிக் கூடு.

சேதுகாவலர் சபையில் என்ன நடக்கும் என்று நான் வகுப்பில் சொன்னதெல்லாம் கற்பனை. மேசையில் அடித்துப் பேசுவார், சபை எழுந்து நிற்கும் என்று சொல்லுவேன். இங்கே முதலில் போன கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு ஒரு தெருவில் மரங்கள். மரத்தைச் சுற்றிப் போடுகிற இரும்புத் தட்டி. அதற்கு ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்புமில்லை ஆதரவுமில்லை, ஆனால் நெடுநேரம் பேசினார். பிறகு பள்ளிக்கூடக் கன்ரீனில் மேசைகளின் சத்தம். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. சூடு நன்றாகப் போட்டிருந்தார்கள். கோட்டைக் கழற்றி மடியில் வைத்தேன்.

அடுத்தது, உதவியாள் தேவைப்படும் பிள்ளைகள் பற்றியது. நிரோ பேசவேண்டிய இடம். அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தது ஞாபகம் இருக்கிறது.

பக்கத்தில் இருந்த மதாம் என் தோளைத் தொட்டு எழுப்பினார். மண்டபம் பாதி காலி. என் கோட் நிலத்தில் விழுந்திருக்க வேண்டும், யாரோ எடுத்து வாங்கிலில் போட்டிருந்தார்கள்.

படியில் இறங்கும்போது நிரோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது, பதினொரு வயதில் பேச்சுப்போட்டி முடிந்து வருகிற மாதிரி.

“நான் கதைச்சது எப்பிடியம்மா? கேட்டதோ உங்களுக்கு?”

“ஓம்” என்றேன். “நல்லாக் கேட்டது.”